கொரோனா ரிஸ்க் சொல்கிற குடல் பாக்டீரியா கிட்: ஒரு லேப்காரியின் விமர்சனம்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைப் படிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். கிட், ரிப்போர்ட், டயட்டீஷியனோடு அரை மணி நேரப் பேச்சு, எல்லாம் சேர்த்து 8,499 ரூபாய். அதற்கு மேல் மாதாமாதம் வாங்கச் சொல்லும் பவுடர் 1,799. கம்பெனிப் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி கிட் விற்கிற வேறு சில கம்பெனிகளின் மாதிரி ரிப்போர்ட்டுகளையும் நெட்டில் பார்த்தேன், அட்டையின் நிறம்தான் வேறு. ஒருவரை மட்டும் பிடித்து இழுப்பதில் அர்த்தமில்லை.

நான் செம்பூரில் இருக்கிறேன். பரேல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்து ரிடையர் ஆனவள். பாதி சர்வீஸ் சாம்பிள் வாங்கும் டேபிளிலேயே போயிற்று. ஜாம் பாட்டிலிலும் தீப்பெட்டியிலும் மலம் கொண்டுவந்து நீட்டிய காலம் எனக்குத் தெரியும். அதனால் அருவருப்பு என்கிற பேச்சே எனக்குக் கிடையாது. 2025 மே மாதம் மும்பையில் மறுபடியும் கொரோனா கேஸ் ஏறுகிறது என்று செய்தி வந்ததும், புனேயில் இருக்கும் மகன் என்னைக் கேட்காமலே ஆர்டர் போட்டுவிட்டான். “அம்மா, உனக்குச் சுகர் வேற இருக்கு, பண்ணித்தான் பாரேன்” என்றான். டப்பாவின் மேல் அச்சடித்திருந்தது இது: உங்கள் குடல் உங்களைக் கொரோனாவிலிருந்து காக்குமா? கண்டுபிடியுங்கள்!

அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சரி, பொருளைப் பார்ப்போம்.

கிட் நன்றாகவே இருக்கிறது, அதில் குறை சொல்ல மனம் வரவில்லை. மூடியிலேயே சின்ன ஸ்பூன் ஒட்டியிருக்கும் டியூப், அதற்குள் டிஎன்ஏ சிதையாமல் வைத்திருக்கும் திரவம், கையுறை, கசிந்தால் உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சுத்தாள் போட்ட ஜிப் கவர், பார்கோடு ஸ்டிக்கர். டியூபில் பெயர் எழுதத் தேவையில்லை, பார்கோடு மட்டும்தான். ஸ்பூன் பட்டாணி அளவுக்கு மேல் எடுக்காது. நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு டியூப் இருந்திருந்தால் காலை நேரத்தில் எவ்வளவு சண்டை மிச்சமாகியிருக்கும்! ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. மலம் தண்ணீரில் விழாமல் பிடிக்க ஒரு காகிதத் தொட்டில் தருகிறார்கள், இரண்டு பக்கமும் பசை தடவியது. அது வெஸ்டர்ன் டாய்லெட் சீட்டில் ஒட்டுவதற்கு மட்டுமே செய்தது. எங்கள் பழைய பில்டிங்கில் இருப்பது இந்தியன் டாய்லெட். இந்த ஊரில் எத்தனை வீட்டில் அப்படி என்று கம்பெனியில் யாராவது ஒரு நாள் தாராவிப் பக்கம் நடந்து பார்த்திருக்கலாம். பழைய செய்தித்தாளை விரித்துச் சமாளித்தேன். கூரியர் பையன் கவரை வாங்கும்போது “இதில் என்ன?” என்றான். “மெடிக்கல் சாம்பிள்” என்றேன். அவன் முகத்தைப் பார்த்தால் ஊகித்துவிட்டான் போலிருந்தது.

டியூபோடு ஆன்லைனில் ஒரு படிவமும் நிரப்ப வேண்டும். வயது, எடை, சைவமா அசைவமா, சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா, மலம் எந்த வகை. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஏழு படங்கள் போட்டிருக்கிறார்கள். பிரிஸ்டல் ஆஸ்பத்திரி டாக்டர்கள் உருவாக்கிய அட்டவணை அது, ஆட்டுப் புழுக்கை மாதிரி இருந்தால் 1, வெறும் தண்ணீராகப் போனால் 7. நல்ல கேள்விதான். ஆனால் படிவத்தை மேலும் கீழுமாகத் தேடிவிட்டேன், சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா என்ற கேள்வி எங்கேயும் இல்லை. பான்டப்ரசோல் மாதிரி அசிடிட்டி மாத்திரை பற்றியும் இல்லை.

இதைச் சின்னக் குறையாக நினைக்காதீர்கள். மெட்ஃபார்மின் குடல் பாக்டீரியாவை நன்றாகவே மாற்றும். சர்க்கரை நோயாளிகளின் குடலில் தெரியும் மாற்றங்களில் எது நோயால் வந்தது, எது இந்த மாத்திரையால் வந்தது என்று பிரித்துக் காட்டிய ஆய்வு 2015லேயே நேச்சர் இதழில் வந்துவிட்டது. அசிடிட்டி மாத்திரையோ வயிற்றின் அமிலத்தைக் குறைத்து, வாயில் இருக்கவேண்டிய பாக்டீரியாவைக் கீழே இறங்க விட்டுவிடும். என் வயதுக்காரர்கள் நாலு பேர் செம்பூர் பார்க்கில் உட்கார்ந்தால் அதில் இரண்டு பேர் பையில் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும். நானே காலையிலும் ராத்திரியிலும் மெட்ஃபார்மின் போடுகிறவள். இதைக் கேட்காமல் என் குடலுக்கு எப்படி மார்க் போடுவார்கள்?

போட்டார்கள். 100க்கு 41.

ரிப்போர்ட் சொன்ன தேதிக்கே வந்தது. போனிலேயே படிக்கிற மாதிரி பிடிஎஃப், பக்கத்துக்குப் பக்கம் கலர். முதல் பாதி பரவாயில்லை. என்னென்ன பாக்டீரியா, எத்தனை சதவீதம், எந்த முறையில் படித்தோம் என்று நேர்மையாகவே சொல்கிறார்கள். பிறகு வருகிறது அந்த ஆரஞ்சு நிறப் பக்கம், “வைரஸ் பாதுகாப்பு மதிப்பெண்”. ஃபீக்காலிபாக்டீரியம் குறைவு, பிஃபிடோபாக்டீரியம் குறைவு, எனவே கொரோனா வந்தால் தீவிரமாகும் வாய்ப்பு “சராசரியை விட அதிகம்”. அடியில் எறும்பு எழுத்தில், ஹாங்காங் ஆய்வின் அடிப்படையில் என்று ஒரு குறிப்பு.

அந்த ஆய்வு நிஜம், நல்ல ஆய்வும்கூட. 2021ல் கட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஹாங்காங்கில் கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 100 பேரின் ரத்தத்தையும் மலத்தையும் பார்த்தார்கள். கொரோனாவுக்கு முந்தைய காலத்தில் சாம்பிள் கொடுத்திருந்த 78 பேரோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகளிடம் ஃபீக்காலிபாக்டீரியம், யூபாக்டீரியம் ரெக்டேல், பிஃபிடோபாக்டீரியம் மூன்றுமே குறைவு. நோய் எவ்வளவு கடுமையோ அதற்கேற்ப குடலும் மாறியிருந்தது. உடம்பின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி போன்ற ரத்த அளவுகளும் கூடவே ஏறியிருந்தன. வைரஸ் போய் ஒரு மாதம் ஆனவர்களிடம்கூட அந்த பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

குடலும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று நம்ப இடமும் இருக்கிறது. கொரோனா வைரஸ் உடம்புக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 என்கிற புரதம் நுரையீரலை விடச் சிறுகுடலின் உள்சுவரில்தான் ஏராளம். வைரஸின் ஆர்என்ஏ மலத்தில் வருவதும், சிலருக்குக் காய்ச்சலோடு பேதி வந்ததும் அதனால்தான் ஆச்சரியமில்லை. இந்த ஃபீக்காலிபாக்டீரியம் நாம் தின்னும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் என்ற ஒரு கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கிறது. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கியச் சாப்பாடு. நோய் எதிர்ப்பு சக்தி எல்லை மீறித் துள்ளாமல் அடக்கி வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. கொரோனாவில் பல பேரைச் சாய்த்தது வைரஸை விட, உடம்பு தன் மேலேயே பாய்ந்ததுதான் என்பதை 2021ல் பார்த்தோமே.

இவ்வளவும் சரி. ஆனால் சாம்பிள் டேபிளில் உட்கார்ந்தவள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: சாம்பிள் எப்போது எடுத்தது?

அந்த 100 பேரின் மலம் எடுத்தது கொரோனா வந்த பிறகு. காய்ச்சலில் சாப்பாடு இறங்கியிருக்காது. படுக்கை, மருந்து, சிலருக்கு ஆன்டிபயாடிக். மருந்து எடுத்துக்கொள்ளாதவர்களிடமும் மாற்றம் இருந்தது என்று அவர்களே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள், அந்தப் பொறுப்பைப் பாராட்ட வேண்டும். ஆனாலும் குடல் முதலில் கெட்டதால் நோய் கடுமையானதா, நோய் கடுமையானதால் குடல் கெட்டதா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது, சொன்னதாக அவர்களும் கூறவில்லை. பிறகு 2022ல் நியூயார்க்கிலிருந்து வந்த ஆய்வு எலிகளுக்கு வைரஸைக் கொடுத்துப் பார்த்தது. ஆன்டிபயாடிக் எதுவும் தராமலே அவற்றின் குடல் பாக்டீரியா கலைந்தது. ஆக, அம்பு அந்தத் திசையிலும் பாய்கிறது. அதே ஆய்வில் 96 நோயாளிகளின் மலத்தையும் பார்த்தார்கள். ரத்தத்தில் பாக்டீரியா ஏறி மோசமானவர்களில் சிலருக்கு அந்த பாக்டீரியா குடலிலிருந்தே போயிருக்கக்கூடும் என்று தெரிந்தது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் டாக்டர்கள் கவனிக்க வேண்டிய செய்தி அதுதான். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கண்டபடி ஆன்டிபயாடிக் தரக்கூடாது.

2021ல் எனக்கும் கொரோனா வந்தது. ஏப்ரல் மாதம், பெட்டே கிடைக்காத நாட்கள். வாட்ஸ்ஆப்பில் ஒரு சீட்டு சுற்றிக்கொண்டிருந்தது, அஜித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின், ஐவர்மெக்டின், ஜிங்க். பில்டிங் முழுக்க அதைத்தான் விழுங்கியது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்று லேபில் இருந்த நாங்கள் எல்லோரும் முணுமுணுத்தோம். அஜித்ரோமைசினால் பயனில்லை என்று பிரிட்டனின் பெரிய ஆய்வுகள் 2021 தொடக்கத்திலேயே காட்டிவிட்டன. அந்த ஜூனில்தான் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் டாக்ஸிசைக்ளினையும் ஐவர்மெக்டினையும் பட்டியலிலிருந்து எடுத்தது. ஊரே தன் குடலை அலசிக் கொட்டிய பிறகு இந்த கிட் வந்து உனக்கு ஃபீக்காலிபாக்டீரியம் குறைவு என்கிறது.

இன்னொரு பக்கத்தில் எனக்கு “ப்ரிவோட்டெல்லா மிகை, சமநிலைக் குறைவு” என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அரிசி, பருப்பு, காய்கறி என்று சாப்பிடும் இந்தியக் குடலில் ப்ரிவோட்டெல்லா என்கிற இந்த பாக்டீரியா நிறைய இருப்பதுதான் வழக்கம். போபாலிலும் கேரளத்திலும் 110 பேரை வைத்துச் செய்து 2019ல் வெளியான ஆய்வில், தானியமும் பருப்பும் பிரதானமாக உண்ணும் போபால்காரர்களிடம் அது ஓங்கியிருந்தது, மீனும் இறைச்சியும் சேர்த்துக்கொள்ளும் கேரளத்துக்காரர்களிடம் வேறு கூட்டம் இருந்தது. அதையே பார்த்து ஒருத்தருக்கு நல்ல குடல், ஒருத்தருக்குக் கெட்ட குடல் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அப்படியென்றால் என்னை யாரோடு ஒப்பிட்டு “மிகை” என்றார்கள்? ரிப்போர்ட்டில் அந்த ஒப்பீட்டுக் கூட்டம் எந்த நாட்டுக்காரர்கள் என்று ஒரு வரி கிடையாது. சோதனைச்சாலையில் நார்மல் ரேஞ்ச் போடாமல் ஒரு ஹீமோகுளோபின் ரிப்போர்ட் வெளியே போனால் எங்கள் மேடம் அதைக் கிழித்துத் தலையில் போடுவார்.

குடலையும் கொரோனாவையும் பற்றிப் பேசும்போது தாராவியை விட முடியாது. 2020 ஜூலையில் மும்பை மாநகராட்சியும் நிதி ஆயோக்கும் டாடா ஆராய்ச்சி நிறுவனமும் மூன்று வார்டுகளில் ரத்தம் எடுத்தார்கள். மாட்டுங்கா வார்டு, எங்கள் செம்பூர் மேற்கு வார்டு, தஹிசர். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்புப் புரதம் இருந்தது, மற்ற இடங்களில் 16. தாராவி இந்த மூன்றிலும் இல்லை, அது ஜி நார்த் வார்டில் வருகிறது, ஆனாலும் ஊர்ப் பேச்சு தாராவியைச் சுற்றித்தான். சாவு எண்ணிக்கை அந்த அளவுக்கு ஏறாததைப் பார்த்து, சின்ன வயதிலிருந்து கிருமியோடு பழகிய குடல்தான் காப்பாற்றியது என்று அப்போது நிறையப் பேர் பேசினார்கள். மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் தலைமையில் அப்போது இருந்த சேகர் மாண்டே உள்ளிட்டோர்கூட நாடுகளின் சுகாதார நிலையையும் இறப்பையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தாராவியில் சராசரி வயது குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொன்னால் யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் இரண்டாம் அலை வந்தது, அந்தப் பேச்சு தானாக அடங்கியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நிரூபிக்க ஒரு அலை போதாது.

அப்புறம் அந்தப் பவுடர். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் முழு வியாபாரமும் இதற்காகத்தான். எனக்குக் குறைவு என்று சொன்ன முதல் ஆள் ஃபீக்காலிபாக்டீரியம் இல்லையா? பவுடர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் அதில் அந்தப் பெயரே இல்லை. இருப்பதும் கஷ்டம். காற்றுப் பட்டால் செத்துப்போகும் ஜாதி அது. அதைப் பவுடராக்கிப் பாக்கெட்டில் அடைப்பது சுலபமில்லை. அதற்குப் பதிலாகச் சுலபமாகக் கிடைக்கும் லாக்டோபேசில்லஸையும் பிஃபிடோபாக்டீரியத்தையும் போட்டிருக்கிறார்கள். 25 டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறது. வந்ததோ ஜூன் மாத மும்பைப் புழுக்கத்தில், சாதாரணக் கவரில், கூரியர் பைக்கின் பெட்டிக்குள். எத்தனை கோடி உயிரோடு வந்து சேர்ந்ததோ. பின்பக்கம் சட்டப்படி போட்டே ஆக வேண்டிய ஒரு வரி இருக்கிறது, “மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல” என்று. முன்பக்கம் வைரஸ் பாதுகாப்பு, பின்பக்கம் இது.

புரோபயாடிக், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியாவைச் சாப்பிடுவதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தார் வீட்டில் கொரோனா நோயாளி இருக்கும் 182 பேருக்கு லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி என்ற ஒரு குறிப்பிட்ட வகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அறிகுறி வந்தவர்கள் அதைச் சாப்பிட்டவர்களில் 26.4 சதவீதம், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 42.9. கவனிக்க வேண்டிய வித்தியாசம்தான், ஆனால் ஆய்வு சின்னது. ஹாங்காங்கில் நீண்ட நாள் கொரோனாவோடு இருந்த 463 பேரில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் பிஃபிடோபாக்டீரியக் கலவை ஒன்றைத் தந்தார்கள். களைப்பு, மறதி, கவனம் நிற்காமை, வயிற்றுக் கோளாறு, இவை சாப்பிட்டவர்களுக்கு நன்றாகக் குறைந்தன. அது வந்த பிறகு தரும் வைத்தியம், வராமல் தடுப்பது இல்லை. பிரிட்டனில் லட்சக்கணக்கானோர் போன் ஆப்பில் பதிந்த தகவலில், புரோபயாடிக் சாப்பிடும் பெண்களுக்குத் தொற்று 14 சதவீதம் குறைவாக இருந்தது. ஆண்களுக்கு அந்த வித்தியாசம் இல்லை. கடையில் காசு கொடுத்து அதையெல்லாம் வாங்குகிறவர் மாஸ்க்கும் ஒழுங்காகப் போட்டிருப்பார், யார் கண்டது. இந்த மூன்றில் எதிலும் என் கையில் இருக்கும் பாக்கெட்டைச் சோதிக்கவில்லை.

டயட்டீஷியன் பற்றிச் சொல்ல வேண்டும், அந்தப் பெண் தங்கமானவள். இந்தியில்தான் பேசினோம். “ஆன்ட்டி, கேஃபிர், கிவி, அவகாடோ எடுத்துக்கங்க” என்று ஆரம்பித்தாள், பாவம், அவள் கையில் கொடுத்த பட்டியல் அது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைத்தண்டும் வாழைப்பூவும் சின்ன வெங்காயமும் கிடைக்கும்போது எனக்கு எதற்கம்மா அவகாடோ என்றேன். சிரித்துவிட்டுப் பட்டியலை மூடினாள். அதன் பிறகுதான் பேச்சு உருப்படியானது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் இன்யூலின், வாழைக்காயில் இருக்கும் செரிக்காத மாவுச்சத்து, ராத்திரி ஊறிய பழைய சோறு, முழுப் பயறு, இதெல்லாம் ப்யூட்டிரேட் செய்யும் பாக்டீரியாவுக்குத் தீனி என்று தெளிவாகச் சொன்னாள். பழைய சோற்றோடு சுகரையும் அளந்து பார்க்கச் சொன்னாள், அது நல்ல ஆலோசனை. இட்லி ஒரு புரோபயாடிக் என்று மட்டும் சொன்னாள். ஆவியில் வெந்த பிறகு மாவைப் புளிக்கவைத்த லூக்கோனாஸ்டாக் பாக்டீரியா எப்படிம்மா பிழைக்கும் என்றேன். “ஆமா ஆன்ட்டி, மோரும் தயிரும் குடிங்க” என்று மாற்றிக்கொண்டாள். மெட்ஃபார்மின் கதையைச் சொன்னதும் குறித்துக்கொண்டாள். மதிப்பெண்ணை மாற்றித் தருவீர்களா என்றால், அது சாஃப்ட்வேர் போடுவது, தன்னால் முடியாது என்றாள்.

டியூபுக்கும் கூரியருக்கும் நாலு ஸ்டார். டயட்டீஷியனுக்கு நாலரை. பாக்டீரியா பட்டியல் போட்ட முதல் பாதி ரிப்போர்ட்டுக்கு மூன்று. அந்த ஆரஞ்சுப் பக்கத்துக்கும் பவுடருக்கும் சேர்த்துப் பூஜ்யம். உங்கள் குடலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்க ஆசையும் கையில் காசும் இருந்தால் வாங்கலாம். கொரோனா பயத்தில் வாங்குவதாக இருந்தால் வேண்டாம், அந்தக் காசுக்குச் சுகரையும் பிரஷரையும் ஒரு வருஷம் ஒழுங்காகப் பார்த்துவிடலாம். கடுமையான கொரோனாவுக்கு வயதும் சர்க்கரையும் எவ்வளவு காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

எப்படியும் ஆர்டர் போடுகிறீர்கள் என்றால், பணம் கட்டும் பக்கத்தில் பவுடர் சந்தாவுக்கு ஒரு டிக் தானாகவே விழுந்திருக்கும், அதை எடுத்துவிடுங்கள். என் மகன் எடுக்கவில்லை. திறக்காத பாக்கெட் என்பதால் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பணம் அடுத்த வாரமே வந்துவிட்டது, கூரியர் சார்ஜைக் கழித்துக்கொண்டு.